பழுதான கார், பதில் தராத வழக்கறிஞர்: கட்சிக்காரருக்கு உள்ள வழிகள்

புதிதாக வாங்கிய கார் திரும்பத் திரும்பப் பழுதாகிறது. நிறுவனம் கைவிரிக்க, உரிமையாளர் வழக்கறிஞரை அமர்த்தி நுகர்வோர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்கிறார். சில மாதங்களில் வழக்கறிஞரிடமிருந்து பேச்சு நின்றுபோகிறது. போனை எடுப்பதில்லை. குமாஸ்தா "வாய்தா போட்டிருக்கிறார்கள்" என்கிறார், எந்தத் தேதிக்கு என்று சொல்வதில்லை. இந்த நிலையில் கட்சிக்காரர் யாரிடம் போவது? வழக்கறிஞரின் அலட்சியத்துக்கு அவரே பொறுப்பா, அவரை அமர்த்தியவர் பொறுப்பா? இந்திய நீதிமன்றங்களும் வழக்கறிஞர் சட்டமும் நூறாண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பல விடைகள் அளித்துள்ளன. ஒவ்வொரு விடையும் வேறொரு காலத்தில், வேறொரு சிக்கலைத் தீர்க்கப் பிறந்தது. அதனால் அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

கார் வழக்கின் தன்மை

வழக்கறிஞரின் மௌனம் எந்த வழக்கிலும் தீங்கு செய்யக்கூடியது. கார் வழக்கில் அந்தத் தீங்கு விரைவாக வருகிறது. இங்கே முக்கியச் சான்று கார்தான், அது நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கிறது. வாரண்டி முடிகிறது. கடன் தவணை நிற்பதில்லை. ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரியும் டயரும் கெடுகின்றன. பொறுமையிழந்து வெளி மெக்கானிக்கிடம் கொடுத்தால், "வெளியாள் கை வைத்ததால்தான் கோளாறு" என்று நிறுவனம் வாதிட இடம் கிடைக்கிறது.

இந்தியாவில் பழுதான காருக்கென்று தனிச் சட்டம் இல்லை. இத்தனை முறை பழுது பார்த்தும் சரியாகாவிட்டால் வண்டியை மாற்றித் தர வேண்டும் என்ற வரையறை எங்கும் எழுதப்படவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொதுவான 'குறைபாடு' என்ற கருத்தின் கீழ்தான் எல்லாம் நடக்கிறது. 2006-இல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்கான உறுதிமொழி, அதிலிருந்து முழு வண்டியையும் மாற்றும் கடமை தானாக வந்துவிடாது என்று கருதியது. சி.என்.அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில், சுயேச்சையான தொழில்நுட்ப வல்லுநர் உள்ளார்ந்த உற்பத்திக் குறைபாடு உண்டு என்று கூறினால் காரின் விலை, வாழ்நாள் வரி ஆகியவற்றை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: வழக்கு வல்லுநர் அறிக்கையில்தான் நிற்கிறது.

அந்த அறிக்கை தானாக வராது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 38, ஆய்வு இல்லாமல் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாத பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாட்களுக்குள் அறிக்கை பெற வழிசெய்கிறது. வல்லுநரை நியமிக்கக் கோரி மனு போட வேண்டும், ஆய்வுக் கட்டணம் கட்ட வேண்டும், வண்டியை அன்று கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இந்த மூன்றையும் உரிய நேரத்தில் செய்யவைப்பது வழக்கறிஞரின் வேலை. எதிர்த்தரப்பு பதிலுரை தாக்கல் செய்ய 30 நாட்களும், கூடுதலாக 15 நாட்களும் மட்டுமே உண்டு. அதற்குமேல் ஒரு நாளும் தர முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்தக் கெடு தவறியதைச் சுட்டிக்காட்டுவதும் வழக்கறிஞர்தான். அவர் கவனிக்காவிட்டால் நிறுவனத்தின் தாமதம்கூட நிறுவனத்துக்கே லாபமாகிவிடும்.

சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் கார்டையும் இங்கே சொல்ல வேண்டும். உரிமையாளர் "பிரேக் போட்டால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது" என்று சொல்லி வண்டியை விடுகிறார். திரும்ப வரும் தாளில் "சோதிக்கப்பட்டது, குறை இல்லை" என்று ஒரு வரி இருக்கும். அடுத்த மாதம் அதே புகார், அதே வரி. இப்படி ஐந்து தாள்கள் சேர்ந்தால் நிறுவனம் அவற்றைத் தன் சாட்சியாக்கிக்கொள்ளும். ஒரே புகார் ஐந்து முறை பதிவாகியிருப்பதே கோளாறு தீரவில்லை என்பதற்குச் சான்று என்று அவற்றைத் திருப்பிப் போடுவது வழக்கறிஞரின் திறமை. அசல் தாள்கள் அவருடைய கேஸ் கட்டில் இருந்து, அவரும் பேசாமல் போனால், கட்சிக்காரரின் கையில் எதுவும் மிஞ்சாது.

எல்லா மௌனமும் ஒன்றல்ல

நுகர்வோர் ஆணையங்களில் ஒரு வாய்தாவுக்கும் அடுத்த வாய்தாவுக்கும் இடையே மாதங்கள் கழிவது சாதாரணம். சட்டம் மூன்று மாதங்களில், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதங்களில், புகாரை முடிக்கச் சொல்கிறது. நடைமுறை அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது. அந்த இடைவெளியில் வழக்கறிஞர் பேசாமல் இருப்பதற்குக் காரணம், சொல்வதற்கு ஒன்றும் இல்லாததாக இருக்கலாம். ஒரே காலையில் மூன்று நீதிமன்றங்களில் ஆஜராக வேண்டியவர் ஒவ்வொரு போனையும் எடுக்க முடியாது என்பதும் உண்மை.

கட்டண முறைக்கும் இதில் பங்கு உண்டு என்று கருத இடமிருக்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் வாங்குவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. அதனால் நுகர்வோர் வழக்குகளில் பெரும்பாலும் ஒரு மொத்தத் தொகை பேசி, அதன் பெரும்பகுதி தொடக்கத்திலேயே கைமாறிவிடுகிறது. அதன் பிறகு வழக்கு எத்தனை ஆண்டு இழுத்தாலும் வருமானம் கூடாது, வேலை மட்டும் கூடும். இதைச் சொல்வது வழக்கறிஞர்களைக் குறைசொல்வதற்காக அல்ல. எந்தத் தொழிலிலும் முன்பணம் வாங்கிய வேலை பின்னுக்குத் தள்ளப்படும் இயல்பு இருக்கிறது.

ஆகவே பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான். கெடு எதுவும் ஓடாத மௌனம் எரிச்சல் தரும், ஆனால் சேதம் செய்யாது. புரூஃப் அஃபிடவிட் (சாட்சியப் பிரமாணப் பத்திரம்) தாக்கல் செய்யும் நாள், மேல்முறையீட்டுக்கான 45 நாள், புகார் தாக்கலுக்கான 2 ஆண்டு போன்ற கெடுக்கள் ஓடும்போது நிலவும் மௌனம் வழக்கையே கொல்லும். கீழே வரும் விடைகள் எல்லாமே இரண்டாம் வகைக்குத்தான் ஓரளவு உதவுகின்றன.

பார் கவுன்சிலில் புகார்

மிகப் பழைய விடை, தொழிலின் ஒழுங்கைத் தொழில் செய்பவர்களே காப்பார்கள் என்பது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 35-இன் கீழ், தொழில்முறைத் தவறோ வேறு தவறோ செய்ததாக நம்பக் காரணம் இருந்தால் மாநில பார் கவுன்சில் புகாரைத் தன் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ளவர்களுக்கு இதற்கான அமைப்பு சென்னையில், உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ளது. குழு புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தொழிலிலிருந்து நிறுத்தி வைக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். ஓராண்டுக்குள் முடிவு வராவிட்டால் விவகாரம் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும்.

இந்த வழியின் பலவீனம் இரண்டு இடங்களில் இருக்கிறது. குழுவுக்கு இழப்பீடு வழங்கும் அதிகாரம் இல்லை என்பது ஒன்று. வழக்கறிஞர் தண்டிக்கப்பட்டாலும் கார் அப்படியேதான் நிற்கும். மற்றொன்று இன்னும் ஆழமானது: வெறும் அலட்சியம் தொழில்முறைத் தவறாகாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நெடுநாள் நிலை. 1963-இல் 'பி' என்ற ஒரு வழக்கறிஞர் தொடர்பான வழக்கிலேயே, ஒழுக்கக்கேடு கலவாத அலட்சியத்தையும் தொழில்முறைத் தவறையும் நீதிமன்றம் வேறுபடுத்தியது. 1997-இல் வி.பி.குமாரவேலு எதிர் இந்திய பார் கவுன்சில் வழக்கிலும் இதே கோடு கிழிக்கப்பட்டது. சென்னையில் அரசு வழக்கறிஞராக இருந்தவர் கவனிக்காததால் அரசுக்கு எதிராக ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்தது என்பது குற்றச்சாட்டு. கெட்ட எண்ணம் நிரூபிக்கப்படாததால் அவருக்கு விதிக்கப்பட்ட கண்டனம் நீக்கப்பட்டது.

இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் கட்சிக்காரர் தொடர்பானவை பல உண்டு. அமர்த்தப்பட்ட வழக்கிலிருந்து தகுந்த காரணமும் முன்னறிவிப்பும் இன்றி விலகக்கூடாது, கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும், வழக்கில் தனக்குள்ள தொடர்புகளை மறைக்கக்கூடாது என்றெல்லாம் அவை சொல்கின்றன. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நேரடியாக வற்புறுத்தும் விதி அவற்றில் இல்லை. மௌனத்தை 'முன்னறிவிப்பின்றி விலகியது' என்ற சட்டகத்துக்குள் கொண்டுவந்தால்தான் புகார் நிற்கும். பணம் வாங்கிக்கொண்டு தாக்கலே செய்யாமல் விட்டது, தாக்கல் செய்துவிட்டதாகப் பொய் சொன்னது, நிறுவனம் தந்த தொகையைக் கட்சிக்காரரிடம் சேர்க்காதது ஆகியவற்றில் இந்த வழி வலுவானது. வெறுமனே போனை எடுக்காததற்கு வலுவற்றது.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர்மீதே புகார்

கார் நிறுவனத்தின்மீது புகார் கொடுத்த அதே இடத்தில் வழக்கறிஞர்மீதும் புகார் கொடுக்கலாமா என்பது கால் நூற்றாண்டாக நீடித்த சர்ச்சை. இதன் வேர் 1995-இல் வந்த இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா தீர்ப்பில் இருக்கிறது. கட்டணம் வாங்கி மருத்துவம் பார்ப்பது 'சேவை' என்று அது சொன்னது. மருத்துவருக்குப் பொருந்துவது வழக்கறிஞருக்கு ஏன் பொருந்தாது என்ற கேள்வி அதன் பின்னால் தானாகவே வந்தது.

டெல்லியில் காசோலை மோசடி வழக்கொன்றுக்காக அமர்த்தப்பட்ட வழக்கறிஞர், எதிர்த்தரப்பு தந்த தொகையைத் தன்னிடம் ஒப்படைக்கவில்லை என்று டி.கே.காந்தி என்பவர் புகார் கொடுத்தார். மாவட்ட மன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மாநில ஆணையம் அதை மாற்றியது. 2007 ஆகஸ்டில் தேசிய ஆணையம், வழக்கறிஞரின் பணியும் சட்டத்தின் கீழ் சேவையே என்று முடிவு செய்தது. பிறகு உச்ச நீதிமன்றத்தில் ஏறத்தாழ 17 ஆண்டுகள் அந்தக் கேள்வி நிலுவையில் கிடந்தது. இடையே, 2021-இல், வழக்கில் தோற்றதையே சேவைக் குறைபாடு என்று சொல்ல முடியாது என்று வேறொரு வழக்கில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எந்த வழக்கிலும் ஒரு தரப்பு தோற்றே ஆக வேண்டும் என்பதால் அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

2024 மே 14 அன்று டி.கே.காந்தி வழக்கில் நீதிபதிகள் பேலா எம்.திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வு தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் தொழில் தனித்தன்மை உடையது, அதை வணிகத்தோடு ஒப்பிட முடியாது, வழக்கறிஞர் கட்சிக்காரருக்கு மட்டுமன்றி நீதிமன்றத்துக்கும் கடமைப்பட்டவர் என்பன அதன் அடிப்படைகள். அடுத்து வந்த வாதம்தான் சட்டரீதியாக முடிவைத் தாங்குகிறது. கட்சிக்காரர் தன் வழக்கறிஞரின் செயல்பாட்டின்மீது நேரடிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார், ஆகவே அது 'தனிப்பட்ட பணி ஒப்பந்தம்', அத்தகைய பணி நுகர்வோர் சட்டத்தின் 'சேவை' வரையறையிலிருந்து விலக்கப்பட்டது என்று அமர்வு கூறியது. சாந்தா தீர்ப்பையே மறுபரிசீலனை செய்யலாம் என்றும் அது பரிந்துரைத்தது. அதே ஆண்டு நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதற்கு அவசியமில்லை என்று முடித்துவைத்தது. இப்போதைய நிலை இதுதான்: மருத்துவர் நுகர்வோர் சட்டத்துக்குள், வழக்கறிஞர் வெளியே.

தொழிலின் சுதந்திரம் பற்றிய தீர்ப்பின் கவலை நியாயமானது. தோற்றவர் எல்லாம் வழக்கறிஞர்மீது புகார் கொடுக்கத் தொடங்கினால், அச்சமின்றி வாதாடும் தொழில் நிலைக்காது. ஆனால் 'கட்டுப்பாடு' என்ற வாதம் இந்தக் கட்டுரையின் பொருளில் வந்து முட்டி நிற்கிறது. போனை எடுக்காத வழக்கறிஞர்மீது கட்சிக்காரருக்கு என்ன கட்டுப்பாடு இருக்கிறது? வாதத்தின் போக்கைத் தீர்மானிப்பதும் வாய்தா தேதியைச் சொல்லாமல் விடுவதும் ஒரே வகைச் செயல்கள் அல்ல. முன்னதற்குச் சுதந்திரம் தேவை. பின்னதற்குச் சுதந்திரம் ஒரு காரணமே அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு அந்தத் தீர்ப்பில் இருந்தது, எடுத்துக்கொள்ளப்படவில்லை.

சிவில் வழக்கு

உச்ச நீதிமன்றம் 2024-இல் மூடியது நுகர்வோர் ஆணையத்தின் கதவை மட்டுமே. தொழில்முறைத் தவறுக்காகவோ அலட்சியத்துக்காகவோ சாதாரண நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கத் தடையில்லை. இங்கிலாந்தின் பழைய பாரிஸ்டர் மரபில் வழக்கறிஞர் ஃபீஸுக்காக வழக்குப் போடவும் முடியாமலிருந்தது, அலட்சியத்துக்காக அவர்மீது வழக்குப் போடவும் முடியாமலிருந்தது. 1926-ஆம் ஆண்டின் சட்டத் தொழில் செய்வோர் கட்டணச் சட்டம் இந்தியாவில் இந்த இரண்டு தடைகளையும் சேர்த்தே அகற்றியது. வழக்கறிஞர் என்ற ஒரே காரணத்தால் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை என்று அதன் 5-ஆம் பிரிவு சொன்னது. 1988-இல் எம்.வீரப்பா எதிர் எவலின் செக்வேரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

தாளில் இது முழுமையான விடையாகத் தெரியலாம். நடைமுறையில் வழக்குக்குள் இன்னொரு வழக்கை நடத்த வேண்டும். வழக்கறிஞர் அலட்சியமாக இருந்தார் என்று காட்டினால் மட்டும் போதாது. அவர் ஒழுங்காக நடத்தியிருந்தால் கார் வழக்கு வென்றிருக்கும் என்றும் நிரூபிக்க வேண்டும். அதற்கு உற்பத்திக் குறைபாட்டைக் காட்டும் வல்லுநர் அறிக்கை வேண்டும். அந்த அறிக்கையைப் பெறாமல் விட்டதுதான் வழக்கறிஞர்மீதான குற்றச்சாட்டே. அதற்குள் கார் விற்கப்பட்டோ சிதைந்தோ போயிருக்கலாம். கோரும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணமும் கட்ட வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை, அதற்குமேல் 10 லட்சம் வரை வெறும் 200 ரூபாய். இந்த வேறுபாடு மட்டுமே பலரைப் பின்வாங்க வைக்கும். ஒரு வழக்கறிஞருக்கு எதிராக வாதாட அதே ஊரில் இன்னொரு வழக்கறிஞரைத் தேடுவதன் சிரமத்தைத் தனியே சொல்லத் தேவையில்லை.

வழக்கறிஞர் செய்த பிழைக்குக் கட்சிக்காரர் பொறுப்பா

இதுவரை பார்த்தவை வழக்கறிஞரை நோக்கியவை. கட்சிக்காரருக்கு உண்மையில் அவசரமானது வேறு: இழந்த வழக்கை மீட்பது. இங்கே இரண்டு மரபுகள் எதிரெதிராக நிற்கின்றன.

1981-இல் ரஃபிக் எதிர் முன்ஷிலால் வழக்கில், வழக்கறிஞர் வராததால் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒரு மேல்முறையீடு தள்ளுபடியானது. வழக்கறிஞரை அமர்த்தி, ஃபீஸும் கொடுத்து, நம்பி ஊருக்குத் திரும்பிய எளிய மனிதரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்ற கண்ணோட்டத்தில் உச்ச நீதிமன்றம் அந்த முறையீட்டுக்கு உயிர் கொடுத்தது. செலவுத் தொகையை வராத வழக்கறிஞரிடமே வசூலிக்கச் சொன்னது. 2000-இல் ராமோன் சர்வீசஸ் வழக்கிலும் இதே எண்ணம் தெரிகிறது. வழக்கறிஞர்களின் வேலைநிறுத்தத்தால் வந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கி, கட்சிக்காரர் கட்டும் செலவுத் தொகையில் பாதியை வழக்கறிஞர் தரப்பிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதித்தது.

எதிர் மரபு 1993-இல் வந்த சலில் தத்தா வழக்கிலிருந்து வலுப்பெறுகிறது. வழக்கறிஞர் கட்சிக்காரரின் முகவர், வக்காலத்தின் எல்லைக்குள் அவர் செய்வது கட்சிக்காரர் செய்ததே, வழக்கறிஞர்மேல் பழிபோட்டு எப்போதும் தப்பிக்க முடியாது என்று அதில் சொல்லப்பட்டது. அங்கே கட்சிக்காரர் கிராமத்து விவசாயி அல்ல, ஒரு தனியார் நிறுவனம். 2024 நவம்பரில் ரஜ்னீஷ் குமார் எதிர் வேத் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்சிக்காரர் தன் வழக்கில் விழிப்பாக இருக்க வேண்டும், வழக்கறிஞரைக் குறைசொல்வது மட்டுமே தாமதத்தை மன்னிக்கப் போதுமான காரணமாகாது என்று மீண்டும் வலியுறுத்தியது.

கார் வாங்கியவர் இவ்விரண்டில் எந்தப் பக்கம் வைக்கப்படுவார்? வங்கிக் கடன் வாங்கி, தவணை கட்டி, கைபேசியில் இணையம் வைத்திருப்பவரை நீதிமன்றம் ரஃபிக்கைப் போலக் கருதுவது அரிதாகவே இருக்கும். தன் வழக்கின் நிலையை அவராலேயே பார்க்க முடியும் என்பது இப்போது வலுவான பதில்வாதம். நுகர்வோர் புகார்களுக்கான இணையத் தளமாக 2020-இல் ஈ-தாக்கில் வந்தது, 2025-இல் ஈ-ஜாக்ரிதி வந்தது. வாய்தா தேதியும் உத்தரவும் இப்போது ஈ-ஜாக்ரிதியில் பதிவாகின்றன.

நுகர்வோர் ஆணையத்தில் இந்தச் சிக்கல் மேலும் இறுகுகிறது. சிவில் நீதிமன்றத்தில் வராமையால் தள்ளுபடியான வழக்கை அதே நீதிமன்றத்தில் மனு போட்டு மீட்கலாம். மாவட்ட, மாநில நுகர்வோர் அமைப்புகளுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2011-இல் ராஜீவ் ஹிதேந்திர பாதக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2019 சட்டம் மாவட்ட ஆணையத்துக்குத் தந்திருப்பது, உத்தரவில் வெளிப்படையாகத் தெரியும் பிழையைத் திருத்தும் மறுஆய்வு அதிகாரத்தை மட்டுமே. ஆகவே "புகார்தாரர் தரப்பில் ஆஜர் இல்லை" என்ற ஒரு வரியோடு புகார் முடிந்துபோனால், 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்வதே முதன்மை வழி. அந்த உத்தரவு வந்ததையே வழக்கறிஞர் சொல்லாவிட்டால் அந்த 45 நாட்களும் கட்சிக்காரருக்குத் தெரியாமலே கரைந்துவிடும்.

இன்னொரு சிறு வாசலும் உண்டு. தகுதியின் அடிப்படையில் முடிவு செய்யப்படாமல், வராமையால் மட்டும் தள்ளுபடியான புகாரை மீண்டும் புதிதாகத் தாக்கல் செய்யலாம் என்று 2000-இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் ஆர்.சீனிவாசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 1986-ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார்தாரர் வராதபோது தள்ளுபடி, தகுதி அடிப்படையில் முடிவு என்ற இரு வழிகளையும் வைத்திருந்தது. 2019 சட்டத்தின் வாசகம் தகுதி அடிப்படையில் முடிவு செய்வதையே முன்வைக்கிறது. மேலோட்டமாக இது புகார்தாரருக்கு நல்லதாகத் தோன்றும். வல்லுநர் அறிக்கை இல்லாத நிலையில் தகுதி அடிப்படையில் முடிவெடுத்தால் "உற்பத்திக் குறைபாடு நிரூபிக்கப்படவில்லை" என்றுதான் வரும். புதிதாகத் தாக்கல் செய்யும் வாசலும் அத்தோடு அடைபடும். இரண்டாண்டு வரம்பும் பின்னாலிருந்து நெருக்கும். நுகர்வோர் வழக்குகளில் தாமதத்தைத் தாராளமாக மன்னிக்கக்கூடாது என்று 2011-இல் அன்ஷுல் அகர்வால் வழக்கில் சொல்லப்பட்டது இன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது.

வழக்கறிஞரை மாற்றுவதும் தானே வாதாடுவதும்

தண்டனையும் இழப்பீடும் மெதுவானவை என்பதால், நடைமுறை அறிவு சொல்லும் விடை மாற்றம். பழைய வழக்கறிஞரின் சம்மதக் கையொப்பத்துடன் புதியவர் வக்காலத்து தாக்கல் செய்வது வழக்கம். பேச்சுவழக்கில் இதை 'நோ அப்ஜெக்‌ஷன்' வாங்குவது என்பார்கள். பதிலே தராதவரிடம் இதை வாங்குவது எப்படி என்று பலர் இங்கேயே தயங்கி நின்றுவிடுகிறார்கள். பார் கவுன்சில் விதி 39-இலேயே வழி இருக்கிறது: சம்மதம் கிடைக்காவிட்டால், காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றுப் புதியவர் ஆஜராகலாம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பிய கடிதமும் அதன் ரசீதும் அந்தக் காரணத்துக்கு ஆதாரமாகும். தொலைபேசி அழைப்புகளைவிட எழுத்தில் கேட்டது எப்போதும் வலுவானது.

ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கேஸ் கட்டைத் தர மறுத்தால் என்ன செய்வது? இதற்கு ஐயத்துக்கு இடமில்லாத விடை உண்டு. 2000 ஆகஸ்டில் ஆர்.டி.சக்சேனா எதிர் பல்ராம் பிரசாத் சர்மா வழக்கில், கட்டண பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வழக்கறிஞருக்குக் கிடையாது, மறுப்பது தொழில்முறைத் தவறு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாக்கிக்கு அவர் தனியே வழக்குப் போட்டுக்கொள்ளலாம். இந்தக் கட்டுரையில் வரும் விடைகளில் கட்சிக்காரருக்கு முழுமையாகச் சாதகமானது இது ஒன்றே.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் கட்டாயமில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புகார்தாரர் தானே ஆஜராகலாம். வழக்கு பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் கொண்டே நடக்கிறது. தான் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யவும் 2019 சட்டம் இடம் தருகிறது, கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஆனாலும் கார் வழக்கில் இதற்கு எல்லை உண்டு. எதிரே நிறுவனமும் டீலரும் தனித்தனி வழக்கறிஞர்களோடு நிற்பார்கள். வல்லுநர் அறிக்கையை எதிர்த்துக் கேள்விகள் எழுப்ப வேண்டிவரும். மாற்று வழக்கறிஞர் கிடைக்கும்வரை ஒரு வாய்தாவைக் காப்பாற்றத் தானே போய் நிற்பது நிச்சயம் பயன் தரும், வழக்கு முழுவதையும் தனியாக நடத்துவது எல்லோராலும் ஆகாது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் முதலியோர் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். நுகர்வோர் வழக்குகளில் இது போதுமான அளவு பயன்படுத்தப்படுவதாகத் தெரியவில்லை.

வெளிநாடுகளின் விடைகள்

அமெரிக்காவில் பழுதான கார் பற்றிய சட்டமும் வழக்கறிஞர் பொறுப்பும் ஒன்றையொன்று தாங்குகின்றன. 1975-இன் மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டமும், 1982-இல் கனெக்டிகட்டில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்குப் பரவிய 'லெமன் சட்டங்களும்' நுகர்வோருக்குத் தனி வழி அமைத்தன. வென்றால் நுகர்வோரின் வழக்கறிஞர் கட்டணத்தை நிறுவனமே தர வேண்டும் என்பது அவற்றில் பலவற்றின் முக்கிய அம்சம். இதனால் சிறு தொகை வழக்குகளையும் எடுத்துக்கொள்ள வழக்கறிஞர்கள் முன்வருகிறார்கள். அதன் மறுபக்கமாக, ஒரே அலுவலகத்தில் ஏராளமான வழக்குகள் குவிந்து, தனித்தனிக் கட்சிக்காரருக்குப் பதில் கிடைக்காமல் போகும் நிலையும் உண்டாகிறது. கலிஃபோர்னியா இதற்குத் தொழில் சட்டத்திலேயே விடை எழுதியிருக்கிறது: வழக்கின் நிலை குறித்த நியாயமான விசாரிப்புகளுக்கு வழக்கறிஞர் உடனுக்குடன் பதில் தர வேண்டும் என்பது அங்கே சட்டக் கடமை. அமெரிக்க பார் சங்கத்தின் 1983 மாதிரி விதிகளிலும் தகவல் தெரிவிப்பது தனி விதியாக இருக்கிறது.

இங்கிலாந்து வேறு பாதையில் போனது. பாரிஸ்டர்களுக்கு இருந்த வழக்கு விலக்கை 2000-இல் பிரபுக்கள் சபை நீக்கியது. சட்டச் சேவை குறித்த புகார்களை விசாரிக்கும் சட்ட ஒம்புட்ஸ்மன் அமைப்பு 2010 முதல் இயங்குகிறது. ஒழுக்கத் தவறை ஓர் அமைப்பும் சேவைக் குறையை இன்னோர் அமைப்பும் விசாரிக்கும் இந்தப் பிரிவினையில்தான் மௌனத்துக்கு இடம் கிடைத்தது. அங்கே தகவல் தராததே தனியொரு புகாராக ஏற்கப்படுகிறது, கட்டணக் குறைப்பும் சிறு இழப்பீடும் உத்தரவிடப்படலாம். ஆஸ்திரேலியா 2005-இல் வழக்கு விலக்கைத் தக்கவைத்துக்கொண்டது என்பதால், உலகம் முழுவதும் ஒரே திசையில் நகர்கிறது என்றும் சொல்ல முடியாது.

திறந்திருக்கும் கேள்விகள்

இந்தியாவில் உள்ள விடைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒழுங்கு நடவடிக்கை தண்டிக்கிறது, சிவில் வழக்கு ஈடு செய்கிறது, மேல்முறையீடு மீட்கிறது. பதில் தராமை என்ற அந்தச் செயலை மட்டும் மூன்றில் எதுவும் நேரடியாகத் தொடுவதில்லை. தண்டிக்க அது போதுமான கொடுமை அல்ல, ஈடு செய்ய அதன் நட்டத்தை அளக்க முடிவதில்லை, மீட்கும் கட்டத்தில் அதைக் கட்சிக்காரரின் குறையாகவே எண்ணும் போக்கு வலுக்கிறது. 2024-இல் டி.கே.காந்தி, ரஜ்னீஷ் குமார் வழக்குகளில் வந்த தீர்ப்புகள் சேர்ந்து உண்டாக்கும் விளைவு கவலைக்குரியது. ஒன்று கட்சிக்காரருக்கு வழக்கறிஞர்மீது நேரடிக் கட்டுப்பாடு உண்டு என்கிறது, மற்றொன்று அவர் விழிப்பாக இருக்க வேண்டும் என்கிறது. விழிப்பாக இருந்து கேட்டபோது பதில் வராவிட்டால் என்ன என்ற கேள்விக்கு இரண்டிலும் விடை இல்லை.

மூன்று விஷயங்கள் இன்னும் தீர்மானமாகவில்லை. தகவல் தெரிவிக்கும் கடமையை பார் கவுன்சில் தன் விதிகளில் வெளிப்படையாகச் சேர்க்குமா என்பது முதலாவது. அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, விதித் திருத்தம் போதும். புகார்தாரர் வராத நாளில் தகுதி அடிப்படையில் முடிவெடுக்கும் முன் அவருக்கே நேரடியாக ஓர் அறிவிப்பு அனுப்ப ஆணையங்கள் கடமைப்பட்டவையா என்பது இரண்டாவது. கைபேசி எண் பதிவில் இருக்கும் காலத்தில் இது பெரிய சுமை அல்ல. பழுதான வண்டியை மாற்றித் தருவதற்கான வரையறை சட்டத்தில் வருமா என்பது மூன்றாவது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, ஒரே மாடலில் பரவலாக உள்ள கோளாறுக்கு அரசு திரும்பப்பெற உத்தரவிட வழிசெய்கிறது. தனி ஒருவரின் காருக்கு அது உதவாது. அந்த வரையறை வந்தால் வழக்குகள் சுருங்கும், வழக்கறிஞரை நம்பிக் காத்திருக்கும் காலமும் சுருங்கும்.

அதுவரை, பதில் வராத முதல் வாய்தாவிலேயே எழுத்தில் கேட்டு, ஆணையத்தின் பதிவைத் தானே சரிபார்த்து, அசல் ஜாப் கார்டுகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நகல்களை மட்டும் கட்டில் சேர்ப்பதே கார் உரிமையாளருக்குக் கைவசம் உள்ள பாதுகாப்பு. பார் கவுன்சில் புகாரைப் பின்னால் கொடுக்கலாம். 45 நாள் கெடு காத்திருக்காது.